வண்டி வீட்டுக்கு விளக்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று சொன்ன பெரியவர்கள், வேனுக்குள் வீடு கட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. பிழைத்தார்கள்!

ஜெர்மனியில் 1951-லேயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து வெஸ்ட்ஃபாலியா கம்பெனியார் விற்றார்கள். நமக்குப் பக்கத்தில் கேரள அரசு, 2021-ல் காரவன் சுற்றுலா என்றே ஒரு திட்டம் வகுத்தது. உங்கள் வீட்டுக்காரருக்கும் அந்த ஆசை பிடித்திருக்கிறதா? படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். விளக்கை மட்டும் விடாதீர்கள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? என் மைத்துனர் ஒரு வேனை வீடாக்கினார். வாசலில் துணிப் பந்தல். அதைச் சுற்றி ஐந்து மீட்டர் எல்.இ.டி. பட்டை. உள்ளே கூரையில் பளீரென்று ஒரே வெள்ளை விளக்கு. முதல் பயணம் மூணாறு. பந்தல் விளக்கு கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு ஞாபகமும் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு மாமியார் எழுப்பினார்: “ஃபிரிட்ஜ் சத்தமே காணோமே, அம்மா!”

அந்த ஃபிரிட்ஜில்தான் அவருடைய இன்சுலின் இருந்தது. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்ததால் குளிர்ச்சி போகவில்லை, மருந்தும் தப்பியது. ஆனால் எனக்கு உயிர் போய் வந்தது.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். அந்தப் பட்டை மீட்டருக்குச் சுமார் 14 வாட். ஆக 70 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்தில் 48 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். பாட்டரியில் எழுதியிருந்தது 100. ஆனால் ஈய பாட்டரியில் பாதிக்குமேல் கை வைக்கக் கூடாது. விளக்கும் ஃபிரிட்ஜும் ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு வாட் விளக்குகள் நாலு, நாலு மணி நேரம் எரிந்தால் மூன்று ஆம்பியர்-மணி கூட ஆகாது!

ஆகையால், ஒட்டுப்பலகை அடித்து மூடுவதற்கு முன்பே ஒரு காகிதமும் பென்சிலுமாக உட்காருங்கள். விளக்கு எங்கே என்று யோசிக்காதீர்கள். இருட்டில் யார் கை எங்கே என்ன வேலை செய்யும் என்று யோசியுங்கள். காய் நறுக்கும் மேடைக்கு விளக்கு உங்கள் முன்னால், அலமாரியின் அடியில் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலைத்தான் நறுக்குவீர்கள். அதற்கு 4000 கெல்வின் வெள்ளை நல்லது. உட்காரவும் படுக்கவும் 2700 கெல்வின் மஞ்சள் போதும், கண்ணுக்கு இதம். படுக்கைக்கு ஒன்றாகச் சிறு விளக்கு, தனித்தனி ஸ்விட்சு. ஒருவர் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்க மற்றவர் விழித்திருக்க வேண்டுமா, என்ன?

நடுநிசியில் எழுந்திருப்பவர்களுக்கு, தரையோரமாக மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழகச் சுமார் அரை மணி ஆகிறது. வெள்ளை விளக்கைப் போட்டால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். சிவப்பு அப்படிக் கெடுப்பதில்லை. குழந்தையும் சிணுங்காது.

வாசல் விளக்கு மஞ்சளாக, கீழ்நோக்கி இருக்கட்டும். நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் பூச்சிகள் படையெடுக்கும்; பக்கத்து வண்டிக்காரர்களும் தூங்க வேண்டாமா? மாடிப்படி விளக்கைப் போல இதற்கு இரண்டு ஸ்விட்சு வேண்டும்: கதவருகே ஒன்று, தலைமாட்டில் ஒன்று. ராத்திரி வெளியே சலசலப்புக் கேட்டால் எழுந்திருக்காமலே போட்டுப் பார்க்கலாம். பெண்களும் குழந்தைகளுமாகத் தங்கும்போது இதன் அருமை தெரியும். வண்டி ஓடும்போது வெளி விளக்குகள் அணைந்திருக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது விளக்கின் மேல் ‘10–30 வோல்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர்தான் 12 வோல்ட் பாட்டரி. சார்ஜ் ஏறும்போது 14-ஐத் தாண்டும். மட்டமான விளக்குகள் அதில் சீக்கிரம் கருகிவிடும். கம்பி, பல இழை முறுக்கிய செம்பாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி வண்டியின் குலுக்கலில் ஒடியும். பாட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஒரு பியூஸ், பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று. இதில் சிக்கனம் வேண்டாம், இது நெருப்பு விவகாரம்.

எல்லாம் முடிந்ததும், ஒரு ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, நீங்களே இறங்கி வெளியே பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எங்கள் பூப்போட்ட திரை பகலில் எவ்வளவு அழகு, தெரியுமா? ராத்திரி பார்த்தபோது, உள்ளே மைத்துனர் சட்டை மாற்றுவது சினிமாப் படம் போலத் தெரிந்தது. மறுநாளே கறுப்புத் துணியில் உள்திரை தைத்துவிட்டேன்.