ஹோமரிலிருந்து புறநானூற்றுக்கு

1930களில் அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி யூகோஸ்லாவியாவின் ஊர்ப் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் ஒலிப்பதிவு செய்தார். எழுத்தின் துணையின்றி, மரபுத் தொடர்களை அடுக்கி, பாடும்போதே அவர்கள் கதையைக் கட்டினார்கள். ஹோமரின் காவியங்களும் இப்படிப் பிறந்தவையே என்பது பாரியின் கோட்பாடு. அவருக்குப் பின் மாணவர் ஆல்பர்ட் லார்ட் அதை 1960இல் நூலாக்கினார்.

அதே அளவுகோலைச் சங்கப் பாடல்கள்மேல் வைத்துப் பார்த்தவர் ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி. பர்மிங்காமில் அவர் செய்த ஆய்வு, 1968இல் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலாக வந்தது. அவை வாய்மொழிப் பாடல்கள் என்றார். துணிச்சல்தான்! 1975இல் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் இதை மறுத்தார்: பாணர் மரபைப் பின்பற்றி, எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை என்றார். கைலாசபதியின் முடிவை ஏற்காதவர்களும் அவர் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட முடியவில்லை.