கழிவைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் இறால்

தைப்பூசத்தன்று வடலூருக்குப் போனவர்கள் அன்னதானப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். பந்தி எழுந்ததும் எச்சில் இலைகள் மலைபோலக் குவியும். இலையோரம் ஒதுக்கிய சோறும் சாம்பார்க் காயும் அவற்றோடு போகும். சித்திரை, வைகாசியில் பக்கத்திலுள்ள பண்ருட்டிக்குப் போனால் பலாச்சடையும் தோலும் குவிந்திருக்கும். ஒரு பலாப்பழத்தில் சுளையும் கொட்டையும் போக ஏறத்தாழப் பாதி எடை வீண்தான்.

மாணவ நண்பர்களே, இந்தக் குப்பையைப் புரதமாக மாற்றித் தரும் பூச்சி ஒன்று உண்டு. அதன் பெயர் கறுப்புச் சிப்பாய் ஈ. அறிவியலார் இதை ஹெர்மீஷியா இல்லுசென்ஸ் என்பர். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இது, இன்று நம் நாட்டிலும் காணப்படுகிறது. பார்ப்பதற்குக் குளவி மாதிரி இருக்கும், ஆனால் கொட்டாது. வீட்டு ஈயைப்போல நம் சோற்றில் வந்து மொய்க்கும் வழக்கமும் இதற்கு இல்லை. காரணம் வேடிக்கையானது: வளர்ந்த ஈ இரை தேடுவதே இல்லை! புழுப் பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே ஓரிரு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது.

அப்படியானால் புழு எவ்வளவு தின்னவேண்டும்? ஒரு முட்டையின் எடை சுமார் 25 மைக்ரோகிராம். இரண்டு மூன்று வாரங்களில் புழு 200 மில்லிகிராம் வரை வளர்கிறது. அதாவது 8000 மடங்கு! 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை இதே வேகத்தில் வளர்ந்தால் 24 டன் இருக்கும். நல்ல முறையில் வளர்த்தால் 100 கிலோ ஈரக் கழிவிலிருந்து 15 முதல் 20 கிலோ புழு கிடைக்கும். மிச்சத்தை மக்க வைத்தால் எரு. முதிர்ந்த புழு கருநிறமாகி, ஈரத்தை விட்டு உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து வெளியேறும். சரிவான பலகை ஒன்றை வைத்தால் தானே ஏறி வந்து வாளிக்குள் விழும்; பொறுக்கும் வேலையே இல்லை.

உலர்த்திய புழுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம், 30 விழுக்காடு கொழுப்பு. அக்கொழுப்பில் மிகுந்திருப்பது லாரிக் அமிலம்; நம் தேங்காயெண்ணெயில் உள்ளதும் அதுவேதான்.

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பகுதிகளில் இறால் பண்ணைகள் உண்டு. இறால் தீவனத்தில் மீன்தூள் முக்கியச் சரக்கு. அதற்காகக் கடலிலிருந்து சிறுமீன்களை அள்ளுகிறார்கள். இறாலை வளர்க்க மீனை அழிப்பதா? இதற்கு மாற்றாகப் புழுத்தூளைப் பயன்படுத்தும் ஆய்வில் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஈடுபட்டுள்ளது.

எந்தக் கழிவையும் கொட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். நார்ப்பொருள் இப்புழுவுக்கு எளிதில் செரிக்காது. ஆகவே சோறும் பலாச்சடையும் அதற்குச் சரி; வாழையிலையும் பலாத்தோலும் மக்குக்குழிக்கே. ஆலைக் கழிவுகளில் ஜவ்வரிசி ஆலைத் திப்பி, பீர் ஆலையின் தானியச் சக்கை போன்றவையே ஏற்றவை. கடலூர் சிப்காட் வளாகத்தில் இரசாயன ஆலைகள் இருக்கின்றன அல்லவா? அத்தகைய ஆலைகளின் கசடு இதற்கு ஆகவே ஆகாது. இரையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால், அது புழுவின் உடலில் திரண்டுவிடுகிறது. புழுவைத் தின்னும் இறாலுக்கும் போகும். இறாலைத் தின்னும் நமக்கும் வரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் மீன் தீவனத்திலும், 2021-இல் கோழி, பன்றித் தீவனத்திலும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், உணவகக் கழிவையும் சாணத்தையும் புழுவுக்கு இரையாக்கத் தடை விதித்தது. சட்டத்தின் கண்ணில் இப்புழுவும் ஆடு, மாடு போல ஒரு பண்ணை விலங்கு!

உங்கள் வீட்டு எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். வெண்மையாக, வழவழப்பாக, ஒரு முனை கூராக இருப்பது வீட்டு ஈயின் புழு. தட்டையாக, தடித்த தோலுடன், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் கணுக்கணுவாக ஒன்று நெளிந்தால், அது அநேகமாகச் சிப்பாய்தான்.