படிப்பு ஏறாத பிள்ளையும் ஒரு சொட்டு இரத்தமும்

கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் "பையன் மந்தம், படிப்பு ஏறவில்லை" என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஓர் உம்மா தன் ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் கேட்டது கண்ணாடி வாங்க உதவி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை. பேச்சுக் கொடுத்தபோதுதான் மற்றதெல்லாம் வந்தது. மதரஸாவில் ஒரு சின்ன சூராவை மூன்று மாதமாக மனனம் செய்ய முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான். காரணமில்லாமல் கோபம், அடுத்த நிமிடம் அழுகை. ஊதிப் பார்த்தாயிற்று, கழுத்தில் இரண்டு தாயத்து. "உன் வளர்ப்பு சரியில்லை" என்று மாமியார் சொல்லிச் சொல்லி, அந்தப் பெண்ணே அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, பையனுடைய கண்ணின் லென்ஸ் இடம் விட்டு நகர்ந்திருக்கிறது என்றார். கண்ணாடி எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல், இரத்தம் பார்க்கச் சொல்லிக் குழந்தைகள் டாக்டரிடம் அனுப்பினார். பையனுக்கு இருந்தது ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவி நோய். லென்ஸ் நகர்ந்ததற்கும், மனனம் செய்ய முடியாததற்கும், அந்தக் கோபத்துக்கும் அது ஒன்றே காரணம்.

இந்த வகை நோய்களைப் பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் என்கிறார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் புரியாதது அல்ல. நாம் சாப்பிடும் இறைச்சி, பால், பருப்பில் உள்ள புரதத்தை உடல் சிறு சிறு அமினோ அமிலங்களாக உடைத்து, ஒன்றை இன்னொன்றாக மாற்றிப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நொதி வேண்டும். அந்த நொதி பிறவியிலேயே இல்லாமலோ குறைவாகவோ இருந்தால், வாய்க்காலில் ஒரு மடை அடைபட்ட கதைதான். மேல்வயல் தேங்கி அழுகும், கீழ்வயல் காய்ந்து போகும். தேங்கும் பொருள் மூளைக்கு நஞ்சாகிறது. மூளைக்கு வேண்டிய பொருளோ போய்ச் சேருவதில்லை. குழந்தையின் மூளை வேகமாக வளரும் காலத்தில் இது நடப்பதால், அடி முதலில் புத்தியிலும் குணத்திலும் விழுகிறது.

இந்த நோய்களில் நன்கு விளங்கிக்கொள்ளப்பட்ட ஒன்று ஃபீனைல்கீட்டோனூரியா. 1934இல் நார்வே நாட்டில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தார். பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு விசித்திர வாடை இருப்பதை அவர் கவனித்திருந்தார். அதைக் காதில் போட்டுக்கொண்டவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர். அந்தச் சிறுநீரை அவர் சோதித்துப் பார்த்ததில்தான் நோய் பிடிபட்டது. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி அந்தப் பிள்ளைகளின் ஈரலில் வேலை செய்யவில்லை. ஒரு தாயின் மூக்கு கண்டுபிடித்ததுதான் இது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் நம் பெற்றோர்கள் அவசியம் அறிய வேண்டியது 1953இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த செய்தி. ஹார்ஸ்ட் பிக்கல் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும், இந்நோய் உள்ள சுமார் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு ஃபீனைல்அலனின் குறைக்கப்பட்ட தனி உணவு கொடுத்தார்கள். நிற்கத் தெரியாமல், ஓயாமல் அழுது, தலையை மோதிக்கொண்டிருந்த குழந்தை அது. சில மாதங்களில் தவழ்ந்தது, நிற்கப் பழகியது, தலையை மோதுவதை விட்டது. பிறகு தாய்க்குத் தெரியாமல் உணவில் அந்தப் பொருளை மீண்டும் சேர்த்துப் பார்த்தார்கள். பழைய அழுகையும் தலைமோதலும் சீக்கிரமே திரும்பி வந்தன. அப்படிச் சோதித்தது சரியா என்று இன்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் குழந்தையின் நடத்தை உணவைப் பொறுத்து மாறியது, வளர்ப்பைப் பொறுத்தல்ல என்பது அதோடு சந்தேகமின்றித் தெரிந்தது.

எல்லாக் குறைபாடும் கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரியும் என்பதில்லை. யூரியா சுழற்சிக் குறைபாடு உள்ள சில பிள்ளைகள் இறைச்சியைக் கண்டாலே தட்டைத் தள்ளுவார்கள். பெருநாள் சமயம் வற்புறுத்தி ஊட்டிவிட்டால், அன்றோ மறுநாளோ வாந்தி, எரிச்சல், உளறல், அசாத்தியத் தூக்கம். உடலில் அம்மோனியா ஏறுவதுதான் காரணம். இதை ஜின் கோளாறு என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வில்சன் நோயில் செம்பு ஈரலிலும் மூளையிலும் படிகிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து கோணலாகும், பேச்சு குழறும், எச்சில் வழியும், மதிப்பெண் சரியும், குணம் மாறும். வயசுக் கோளாறு என்று நாம் விட்டுவிடுவோம். வில்சன் நோய்க்கு மாத்திரை உண்டு. காலம் தாழ்த்தினால் மாத்திரையும் முழுமையாக உதவாது.

பிள்ளைக்கு இந்த நோய் வருவது எப்படி? இவற்றில் பெரும்பாலானவற்றில் தாய், தகப்பன் இருவரிடமும் அதே பழுதான மரபணு ஒவ்வொன்று மறைந்திருக்கும். அவர்களுக்கு ஒரு நோயும் தெரியாது. பிள்ளை இரண்டு பழுதையும் சேர்த்து வாங்கினால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆக, உம்மாவை மட்டும் குற்றம் சொல்வது அறியாமை. பாதி வாப்பா கொடுத்தது.

இங்கே சொந்தத்தில் செய்யும் திருமணத்தைப் பேசாமல் முடியாது. தமிழ்நாட்டில் எல்லாச் சமுதாயத்தையும் சேர்த்து ஏறத்தாழ நான்கில் ஒரு திருமணம் சொந்தத்தில் நடக்கிறது. மாமா மகள், மாமி மகன், சாச்சா மகள் என்று முடிக்கும்போது இருவரும் ஒரே பாட்டன் பாட்டியின் மரபணுவைப் பகிர்வதால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பொதுவாகப் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றால், இப்படிப்பட்ட திருமணத்தில் அது சுமார் இரட்டிப்பாகும். பெரும்பான்மைக் குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள், பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் மார்க்கம் அனுமதித்தது வேறு, கட்டாயமாக்கியது வேறு. குடும்பத்தில் ஏற்கனவே ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் இறந்திருந்தாலோ, புத்தி வளர்ச்சி குன்றியிருந்தாலோ, அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுவதில் வெட்கமில்லை.

குழந்தை பிறந்து ஓரிரு நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு இரத்தத்தில் இவற்றில் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் ராபர்ட் குத்ரி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. நம் நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயமாகச் செய்வதில்லை, ஆகவே பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் நாம்தான் கேட்க வேண்டும். சுன்னத்துக்கும் அகீகாவுக்கும் ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதி போதும்.

நோய் தெரிந்தபின் சிகிச்சை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. சிலவற்றுக்கு உணவுக் கட்டுப்பாடு, சிலவற்றுக்கு வைட்டமின், சிலவற்றுக்கு இன்றுவரை மருந்தே இல்லை. சான்ஃபிலிப்போ என்ற நோயில் பிள்ளை தூங்காமல், ஓடிக்கொண்டே இருக்கும். கற்றதெல்லாம் மெல்ல மறந்துபோகும். அந்தக் குடும்பத்துக்குத் தேவை நம் ஆறுதலும் கைமாற்று உதவியும்தான், புத்திமதி அல்ல. இன்னொன்று: இதைப் படித்துவிட்டுத் தாமாகப் பிள்ளைக்குப் பாலையும் கறியையும் நிறுத்திவிடாதீர்கள். புரதம் இல்லாமலும் மூளை வளராது. இந்த நோய்களில் சில, வெறும் வயிற்றில் நீண்ட நேரம் இருந்தாலே முற்றிவிடும். அத்தகைய பிள்ளை ஆசைப்பட்டாலும் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்க விடக்கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

அந்த ஒன்பது வயதுப் பையனுக்குக் கிடைத்தது விலை குறைந்த வைட்டமின் பி6 மாத்திரை. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது பலன் தரும். அவனுக்கும் தந்தது. கோபம் தணிந்தது. ஆனால் போன வருடங்கள் போனவைதான், படிப்பில் இன்னும் பின்தங்கியே இருக்கிறான். அவனுக்கு நோய் என்று தெரிந்தபோது தங்கை நான்கு மாதக் கைக்குழந்தை. அவளையும் சோதித்தார்கள், அவளுக்கும் அதே நோய். அப்போதே மருந்து தொடங்கினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, சுவரில் தொங்கிய நாட்காட்டியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வருடக் கல்வி உதவி விண்ணப்பத்தில் ஒரு புதிய கேள்வி சேர்த்திருக்கிறோம்: "பிள்ளை படிப்பில் பின்தங்குவதற்குக் காரணம் என்ன என்று எப்போதாவது டாக்டரிடம் காட்டியதுண்டா?" இல்லை என்று எழுதுபவர்களை நாங்களே குழந்தைகள் டாக்டரிடம் அழைத்துச் செல்கிறோம். பரிசோதனைச் செலவைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.