மாவுத் தூசியை அளக்கும் கருவி

மாவு மில்லும் மசாலா அரவையும் நடத்தும் நாம் தூசியைப் பெரிதாக எண்ணுவதில்லை. 1785இல் இத்தாலியின் டூரின் நகரில், ரொட்டிக் கடைக் கிடங்கில் பறந்த மாவு விளக்குச் சுடர் பட்டு வெடித்தது. நாள்தோறும் மாவைச் சுவாசிக்கும் வேலையாட்களுக்கு ஆஸ்துமாவும் வரலாம்.

காற்றிலுள்ள துகள்களை அளக்கக் கையடக்கக் கருவிகள் உள்ளன. சிறு விசிறி காற்றை உள்ளிழுக்கும். லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறும். அச்சிதறலைக் கொண்டு கருவி அளவு காட்டும். அரைக்கும்போதும், மூட்டை உதறும்போதும், பெருக்கும்போதும் அளந்தால், தூசி எங்கே கிளம்புகிறது என்பது விளங்கும்.

ஆனால், மலிவான கருவிகள் புகை போன்ற நுண்துகளையே நன்கு காட்டும். பருமனான மாவுத் துகளைக் குறைத்துக் காட்டும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், படிந்த தூசியை அன்றாடம் அகற்றுவோம். அரவை இடத்தில் பீடி, தீக்குச்சி கூடாதெனக் கண்டிப்பாக இருப்போம்.