கல்லெழுத்தும் கலங்காத படமும்

மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில், ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்த தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் சீவெல் கண்டறிந்த அவற்றுள் நெடுஞ்செழியன் பெயரும் இடம்பெற்றுள்ளது.

ஆழமற்ற கல்லெழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியிலேயே தெளிவாகத் தெரியும். அவ்வொளி குறைவாயின் கேமராவின் கண் சற்று நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை நடுங்கினால் எழுத்துக் கலங்கிவிடும். படம் தெளியவில்லையே என்று எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பது, அந்த எழுத்துக்கே கேடு.

சிறிய கேமராவுக்குக் கனத்த முக்காலி வேண்டியதில்லை. சிறு முக்காலியும், அதன்மேல் பொருத்தும் ‘பால் ஹெட்’ எனும் உருண்டைத் தலையும் போதும். நமது தோள் மூட்டைப் போன்றதே இதன் அமைப்பு. கிண்ணத்துள் உருண்டை சுழலும். ஆகவே கேமராவை எப்பக்கமும் சாய்க்கலாம். திருகை இறுக்கினால் அசையாது நிற்கும்.

சில எச்சரிக்கைகள்: திருகைத் தளர்த்துமுன் மறுகையால் கேமராவைத் தாங்கிக்கொள்ளுங்கள், இன்றேல் அது தலைகவிழும். நீண்ட, கனத்த லென்ஸைச் சிறு உருண்டையின்மேல் ஏற்றாதீர்கள். தூசியைத் துணியால் துடையுங்கள். எண்ணெய் இட்டால் பிடி வழுக்கும். டைமரை வைத்துவிட்டு, கேமராவிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

கல்லைத் தொடாமலே அதன் எழுத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அடுத்த தலைமுறையும் அதைப் படிக்கட்டும்!