நண்டு ரசமும் பொங்கல் பண்டம்தான்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை கேட்பது வழக்கம். விடுமுறையை எப்படிக் கழித்தாய், பண்டிகைக்கு என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். எங்கள் தெருவில் நடக்கும் மாலை வகுப்பில் அந்த நோட்டுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எல்லா நோட்டிலும் ஒரே சமையல்தான் நடக்கிறது: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மெதுவடை, பாயசம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம், "நேத்து உங்க வீட்டுல என்ன சோறு?" என்று கேட்டேன். "நண்டு ரசம், நத்தைக் கறி டீச்சர். ஆனா அதெல்லாம் எழுதக் கூடாதுல்ல?" என்றாள். அவளிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

மார்கழியும் தையும் டெல்டா மாவட்டங்களின் தலித் குடியிருப்புகளில் நாக்குக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் நிறைந்து, மார்கழியில் தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கும். வரப்பு ஓரத்துப் பொந்துகளில் நண்டு இருக்கும். பொந்தின் வாயில் ஈரச் சேறு புதிதாகத் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஆள் உண்டு என்று அர்த்தம். கையை விடுவதற்கு முன் பாம்புப் பொந்தா, நண்டுப் பொந்தா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, எங்கள் அப்பாயிகளின் விரலில் இருந்தது. வரப்பைத் துளைத்துத் தண்ணீரைக் கசிய விடுவதால் நண்டைப் பிடித்தால் நிலத்துக்காரருக்கும் லாபம்தான்.

பிடித்த நண்டை ஓடு நீக்கிக் கழுவி, காலும் உடலுமாக அம்மியில் நைய இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்ட வேண்டும். அந்தச் சாற்றில் மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கொஞ்சமாகப் புளி. ஒரு கொதியில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். மார்கழிப் பனியில் மூக்கடைத்துக் கிடக்கும் பிள்ளைக்கு அதைச் சுடச்சுட ஒரு டம்ளர் கொடுப்பார்கள். நெஞ்சுச் சளிக்கு நண்டு என்பது எங்கள் பக்கத்துப் பாட்டி வைத்தியம்.

நத்தைக்கு வேலை அதிகம். கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, ஊசியாலோ முள்ளாலோ கறியைச் சுழற்றி வெளியே இழுத்து, கல் உப்பும் தவிடும் போட்டு வழவழப்புப் போகும் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அரைக் கூடை நத்தைக்கு ஒரு கிண்ணம் கறி தேறினால் அதிகம். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் அந்தக் கிண்ணத்துக்குச் சண்டை நடக்கும். தண்ணீர் வடியும் குட்டைகளில் ஊத்தா போட்டுப் பிடிக்கும் விராலும் கெண்டையும், பச்சை மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும், மஞ்சளும் உப்பும் இட்டு அவித்த பனங்கிழங்கும் இந்தப் பருவத்துக்கே உரியவை.

இதெல்லாம் எழுதத் தகாத சாப்பாடா? முதுகலையில் தமிழ் படித்தபோது சிறுபாணாற்றுப்படை எனக்குப் பாடம். அதில் மருத நிலத்து உழவர் வீட்டுப் பெண், வரும் பாணர்களுக்கு உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு கொடுப்பாள் என்று வருகிறது. பாட்டில் வந்தால் அது பண்பாடு, விருந்தோம்பல். காலனி வீட்டில் வெந்தால் 'வாடை'. இரண்டும் ஒரே நண்டுதான்.

அதே நூலில் இன்னொரு சமையலும் உண்டு. பசியில் ஒடுங்கிய பாணன் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அறிவில்லாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்று நாணி, கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். வகுப்பில் அதை வறுமைக்கு எடுத்துக்காட்டு என்று நடத்தினார்கள். எனக்கு அந்தக் கதவுதான் நினைவில் நின்றது. வறுமை தீர்ந்த பிறகும் சாத்தியே கிடக்கும் கதவுகள் நம் ஊரில் இருக்கின்றன. அரசு வேலை கிடைத்து நகரத்துக்கு வாடகைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "சைவமா, அசைவமா?" அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கருவாடு வறுக்கும் அன்று ஜன்னலை மூடி, ஊதுபத்தி ஏற்றி, மின்விசிறியைச் சுழலவிடும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் உப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது.

பொங்கல் என்றால் புதுநெல். சம்பா அறுத்து, களத்தில் அடித்து, புத்தரிசி குற்றிப் பொங்குவது. நாற்றங்காலில் இருந்து களம் வரை அந்த நெல்லைத் தொட்ட கைகள் யாருடையவை என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கைகளின் வீட்டுக்குப் புதுநெல் எவ்வளவு வந்தது என்பது பெரிய கணக்கு. பண்ணையாள் காலத்தில் பொங்கலன்று மிராசு வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாத்திரத்தோடு காத்து நின்று பொங்கல் வாங்கி வருவார்கள். கூடவே ஒரு துண்டு கரும்பு, ஒரு வேட்டியோ சேலையோ. எங்கள் அப்பாயி அந்தப் பொங்கலைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "ஆறித்தான் இருக்கும்."

1968 டிசம்பர் 25 இரவு, உலகம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே இரவு, கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அறுவடைக் கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். அரைப்படி நெல்லைக் குற்றினால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறு வரும், அதுவும் கஞ்சியாகக் காய்ச்சினால்தான். மறுஆண்டு 1969-இல் தஞ்சை மாவட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கென நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பொங்கல் பானையில் போடும் அரிசியைக் கையில் எடுக்கும்போது இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பண்டிகையன்று சாவைப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சாவே சோற்றைப் பற்றியதுதான்.

இப்போது வயலில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அரிவாளோடு இறங்கிய பெண்களுக்கு வேலை போனது, களத்தில் அளந்து வாங்கிய கூலி நெல்லும் போனது. கதிர் பொறுக்கலாம், எலி வளையை வெட்டினால் அது சேர்த்துவைத்த நெல்லை மரக்கால் கணக்கில் அள்ளலாம் என்பதெல்லாம் என் வயதுக்காரர்களோடு முடிந்த கதை. தெளிக்கும் மருந்தில் நண்டும் நத்தையும்கூடக் குறைந்துவிட்டன. நெல் விளையும் ஊரில், நெல்லை விளைவித்தவர்களின் பேத்திகள் ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கும் ஒரு கிலோ பச்சரிசியில்தான் பொங்குகிறார்கள். கொடுக்கும் அரசைக் குறை சொல்லவில்லை, அது அவர்களின் உரிமை. ஆனால் 'புதுநெல்' என்ற சொல் எங்கள் தெருவில் பொருளிழந்து வருகிறது.

வேளாங்கண்ணி பக்கத்து ஊர்களிலும் உள்நாட்டுக் காலனிகளிலும் ஒரே தெருவில் சிலுவை வைத்த வீடும் அம்மன் படம் வைத்த வீடும் அடுத்தடுத்து இருக்கும். ஒரே சொந்தம்தான். டிசம்பர் பிறந்தால் கேரல் பாடிக்கொண்டு இரவில் பிள்ளைகள் வருவார்கள். பெரிய அண்டாவில் சுக்குக் காப்பி கொதிக்கும். சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைத்து, பால் இல்லாமல். பனியில் பாடித் தொண்டை கட்டியவர்களுக்கு அதைவிட வேறு மருந்து வேண்டாம். கிறிஸ்துமஸ் காலையில் அதிரசமும் அச்சு முறுக்கும் தட்டில் வைத்து மூடி வீடு வீடாகப் போகும். தையில் அதே தட்டு பொங்கலோடு திரும்பி வரும். காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

அந்தத் தட்டு தெருமுனையைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. முன்பு அரிசி, வெல்லம், காய் என்று பச்சையாகக் கொடுத்தால் ஊர்த்தெருவில் வாங்கிக்கொள்வார்கள். வேகவைத்தது என்றால் வாங்க மாட்டார்கள். இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது. நண்பர்கள், ஆசிரியர்கள், கட்சித் தோழர்கள் வருகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் பலரும் கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டி என்றால் சிரித்துக்கொண்டு வாங்குகிறார்கள். அம்மா கையால் சுட்ட அதிரசம் என்றால், "சுகர் இருக்குங்க" என்கிறார்கள். கடைப்பெட்டியில் சர்க்கரை இல்லை போலிருக்கிறது.

டீக்கடைக் கதையும் இதேதான். மார்கழி விடியலில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு சூடான டீ குடிப்பது எவ்வளவு எளிய இன்பம்! 2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டு, விசாரிக்க அதிகாரிகள் போனபோதுதான், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் வெளியே வந்தது. வழக்குப் பதிவானது. இன்று பல கடைகளில் காகிதக் கப் வந்துவிட்டது, குவளைப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். எல்லோருக்கும் காகிதக் கப்பா, சிலருக்கு மட்டும் கண்ணாடி டம்ளரா என்று நின்று பாருங்கள்.

தை மூன்றாம் நாளைப் பஞ்சாங்கம் 'கரிநாள்' என்கிறது. இடையின ரகரம், நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் என்று பொருள். எங்கள் தெருவில் அது 'கறிநாள்'. வல்லின றகரம். தமிழ் வகுப்பில் ர, ற வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று பல வீடுகளில் ஆடு, கோழி. சில வீடுகளில் பெரியகறி. எல்லாத் தலித் வீடுகளிலும் மாட்டுக்கறி உண்டு என்று வெளியே நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தொடாத குடும்பங்கள் நிறைய. உண்பவர்களிடம், "நேற்று கும்பிட்ட மாட்டை இன்று தின்பதா?" என்று கேட்கிறார்கள். கும்பிட்ட மாடு யாருடையது? பண்ணையாள் குளிப்பாட்டினான், மேய்த்தான், சாணி அள்ளினான். செத்தால் தூக்கிப்போடவும் அவனையே கூப்பிட்டார்கள். அப்போதுதான் அது அவனுக்குச் சொந்தமானது. 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். சுமத்தப்பட்ட சாப்பாட்டை மறுக்கச் சொன்னார். இன்று உழைத்த காசைக் கொடுத்து, கடையில் நல்ல கறியாகப் பார்த்து வாங்குவது வேறு. அகநானூற்றின் 309-ஆம் பாட்டில் வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவை வெட்டிப் படையலிட்டுப் புழுக்கி உண்டவர்கள் வருகிறார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் சங்க இலக்கியத்தை வீட்டுக்கு வெளியே வைக்கவில்லை.

வாங்கிய கறியில் ஒரு பங்கு அன்றைய குழம்புக்கு. மீதி உப்புக்கண்டம். கறியை நீள நீளமாக நறுக்கி, கல் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வாசலில் கட்டுவார்கள். பனி இறங்குமுன் எடுத்து உள்ளே வைத்து, மறுநாள் வெயில் ஏறியதும் திரும்பவும் கட்ட வேண்டும். காக்கைக்குக் காவல் இருப்பது பிள்ளைகள் வேலை. தை வெயிலில் நான்கைந்து நாள் காய்ந்தால் சுள்ளி போல ஆகிவிடும். பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஐப்பசி அடைமழையில் வயலில் வேலை இல்லாமல், கூலி இல்லாமல் வீடு முடங்கிக் கிடக்கும்போது, அதில் இரண்டு துண்டை எடுத்துத் தணலில் வாட்டி, அம்மிக்குழவியால் தட்டி, பழைய சோற்றுக்கு ஆளுக்குக் கொஞ்சம் வைப்பார்கள்.