நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமா வயிறு வலிக்குதா? பெண்களே உஷார்!

தேவாரம்:

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி பகுதி பெண்கள் பலர் தினமும் ஜீப் ஏறி, கேரள மாநிலம் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு செல்கின்றனர். இருட்டோடு கிளம்பி பொழுது சாய்ந்து திரும்பும் இவர்கள், வயிறு வலித்தால் "வாயுவா இருக்கும், உடம்பு சூடா இருக்கும்" என்று கடையில் ஒரு மாத்திரை வாங்கி போட்டுக்கொண்டு வேலையை பார்க்க போய்விடுவார்கள்.

ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி வந்தால், அதை அப்படி விடக்கூடாது. அது கருக்குழாய் கர்ப்பமாக இருந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகி விடும்.

கருக்குழாய் கர்ப்பம் என்றால் என்ன?

கரு, கர்ப்பப்பைக்குள் வந்து தங்கி வளர வேண்டும். சிலருக்கு அது வரும் வழியிலேயே, கருக்குழாயில் ஒட்டி வளர ஆரம்பித்து விடுகிறது. 100 கர்ப்பங்களில் 1 அல்லது 2 இப்படி இடம் மாறி அமைகின்றன. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கருக்குழாயில்தான். குழாய் மெல்லியது. கரு பெரிதாக பெரிதாக குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். வெளியே சொட்டுதான் தெரியும், உள்ளே லிட்டர் கணக்கில் போயிருக்கும். இந்த கருவை எடுத்து கர்ப்பப்பையில் வைக்க வழியில்லை. காப்பாற்ற வேண்டியது தாயைத்தான்.

அறிகுறிகள்

கடைசி மாதவிலக்கில் இருந்து 6 முதல் 8 வாரத்தில் பெரும்பாலும் தெரிய ஆரம்பிக்கும்.

* நாள் தள்ளிப்போயிருக்கும். பிறகு கருஞ்சிவப்பாக லேசான ரத்தப்போக்கு வரும். இதை "லேட்டா வந்த தூரம்" என்று பலர் ஏமாந்து விடுகிறார்கள்.
* அடிவயிற்றில், அதிலும் ஒரு பக்கமாக வலி இருக்கும்.
* தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம், குளிர்ந்த வியர்வை.
* தோள்பட்டை நுனியில் வலி. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலிக்கிறது. கூடை தூக்கியதால் வந்த வலி என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசி 2 அறிகுறிகளும் இருந்தால் ஒரு நிமிடம் கூட தாமதிக்கக் கூடாது.

யாருக்கு அதிகம் வரும்?

ஏற்கனவே ஒரு முறை வந்தவர்கள், கருக்குழாயில் கிருமி தொற்று வந்தவர்கள், கர்ப்பப்பை பகுதியில் காசநோய் தாக்கியவர்கள், குழாயில் ஆபரேஷன் செய்தவர்கள், குழந்தையின்மைக்கு சிகிச்சை பெறுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் எந்த காரணமும் இல்லாதவர்களுக்கும் வருவது உண்டு.

"நான்தான் குடும்பக்கட்டுப்பாடு பண்ணியாச்சே" என்று இருந்துவிடவும் கூடாது. அந்த ஆபரேஷன் தோற்பது அபூர்வம். ஆனால் அதையும் மீறி உண்டாகும் கர்ப்பங்களில் சுமார் 3-ல் 1 கருக்குழாயில்தான் இருக்கும். காப்பர்-டி போட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கருக்கலைப்பு மாத்திரை ஆபத்து

டாக்டரை பார்க்காமல் மருந்து கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குவது பெரிய ஆபத்து. கருக்குழாயில் உள்ள கருவை அந்த மாத்திரை கலைக்காது. ரத்தம் போவதை பார்த்து "கலைஞ்சிருச்சு" என்று நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே குழாய் வெடிக்கலாம். மாத்திரைக்கு முன்பே ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கண்டுபிடிப்பது எப்படி?

சிறுநீர் பரிசோதனை கர்ப்பத்தை காட்டும், இடத்தை காட்டாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். அதிலும் தெளிவாக தெரியாவிட்டால், பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்த பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் 2 முறை செய்து, அளவு சரியாக ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

சிகிச்சை

குழாய் வெடிக்காமல், கரு சிறியதாக இருந்தால் ஆபரேஷன் இல்லாமலே குணமாக்க முடியும். மெத்தோடிரெக்சேட் என்ற ஊசி போட்டு கருவின் வளர்ச்சியை நிறுத்துவார்கள். 4-வது, 7-வது நாளில் ரத்த பரிசோதனை செய்து, அதன்பிறகும் அளவு முழுவதும் இறங்கும் வரை வாரம்தோறும் பார்ப்பார்கள். "வலி போயிருச்சு" என்று நடுவில் நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட காலத்தில் போலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடக்கூடாது. அடுத்த கர்ப்பத்துக்கு குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு லேப்ராஸ்கோபி மூலம் பாதித்த குழாயை அகற்றுவார்கள். வெடித்துவிட்டால் அவசர ஆபரேஷனும், ரத்தம் ஏற்றுவதும்தான் வழி. நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசியும் தேவைப்படும்.

ஒரு காலத்தில் குழாய் வெடித்தால் பிழைப்பதே அரிது. 1883-ம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லாசன் டெய்ட் என்ற டாக்டர் ஆபரேஷன் மூலம் காப்பாற்றி காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. இன்று நேரத்தோடு வந்தால் பெரும்பாலானோர் பிழைத்துக் கொள்கிறார்கள்.

மலையில் இருந்தால் என்ன செய்வது?

போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி வரவே நேரமாகும். எனவே மயக்கம் வரும் வரை காத்திருக்காமல், வலி ஆரம்பித்த உடனே கங்காணியிடமும் ஜீப் டிரைவரிடமும் சொல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் தமிழகம், கேரளா இரண்டிலும் உள்ளது. ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரிக்கு போவது நல்லது. தேனி மாவட்டத்தில் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்த வசதி இருக்கிறது. ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பாடு, டீ எதுவும் கொடுக்க வேண்டாம். "நாள் தள்ளிப்போயிருக்கு" என்பதை கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஒரு குழாய் போனால் பிள்ளை பாக்கியமே போச்சு என்று மாமியார் வீட்டில் பேசுவது தவறு. மற்றொரு குழாய் நன்றாக இருந்தால் பலருக்கு அடுத்த கர்ப்பம் சரியாகவே அமைகிறது. ஆனால் 10-ல் ஒருவருக்கு மீண்டும் இப்படி வரலாம் என்பதால், அடுத்த முறை நாள் தள்ளியதும் கிராம நர்சிடம் சொல்லி, 6-வது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்து விடலாம்.